மாதம் 1,050 டாலர் பிடித்தம்: சிக்னல் இன்டர்நேஷனல் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

வேலையிடத்து இனவெறி என்றதும் நம் மனதில் வருவது திட்டும் முதலாளிதான். நிறத்தைச் சொல்லித் திட்டுவான், மொழியைச் சொல்லிக் கிண்டல் செய்வான், அதை யாராவது போனில் பதிவு செய்வார்கள், ஊரெல்லாம் பரவும். அப்படிப்பட்ட சம்பவங்கள் உண்டு. ஆனால் இந்த நூற்றாண்டில் இந்தியத் தொழிலாளர்கள் ஒரு வெளிநாட்டு முதலாளியை எதிர்த்து நடத்திய மிகப் பெரிய வழக்குகளில் ஒன்றில், சண்டையின் மையத்தில் இருந்தது ஒரு வசைச்சொல் அல்ல. சம்பளச் சீட்டில் இருந்த ஒரு பிடித்தம். நாளுக்கு 35 டாலர், மாதத்துக்கு 1,050 டாலர். அந்தப் பிடித்தம் இந்தியர்களுக்கு மட்டும் இருந்தது.

வழக்கின் பெயர் டேவிட் எதிர் சிக்னல் இன்டர்நேஷனல். 2008-இல் தொடுத்தார்கள், 2015-இல் தீர்ப்பு வந்தது. கேரளத்துக்காரர்கள் நிறைய இருந்த வழக்கு என்பதால் மலையாளப் பத்திரிகைகளில் அது ஓரளவு பேசப்பட்டது. தமிழ்நாட்டு வெல்டர்களும் அதில் இருந்தார்கள், ஆனால் நம் பக்கம் பேச்சு குறைவு. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்டிடம் பணம் கட்டும் பழக்கம் இன்னும் போகாத மாநிலம் நம்முடையது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

புயலும் விளம்பரமும்

2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கடற்கரையைப் புரட்டிப்போட்டது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் சேதமாயின, அவற்றைப் பழுதுபார்க்கும் கப்பல் தளங்களில் வேலை குவிந்தது. சிக்னல் இன்டர்நேஷனல் அந்தத் தொழிலில் இருந்த நிறுவனம். அலபாமாவின் மொபைல் நகரில் தலைமையகம். மிசிசிப்பியில் பாஸ்ககூலா, டெக்சாஸில் ஆரஞ்ச் என்ற ஊர்களில் தளங்கள். வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். புயலில் வீடிழந்த உள்ளூர்த் தொழிலாளிகள் பலர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஏஜென்டுகள் வருகிறார்கள். மும்பையில் திவான் கன்சல்டன்ட்ஸ் என்ற ஆள் சேர்க்கும் நிறுவனத்தை நடத்திய சச்சின் திவான், நியூ ஆர்லியன்ஸில் குடியேற்ற வழக்கறிஞரான மால்வர்ன் பர்னெட், மிசிசிப்பியில் ஆட்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு தரகர் என மூவர் கூட்டணி. இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் விளம்பரம் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். சொன்னது எளிமையான விஷயம்: அமெரிக்காவில் வேலை, கிரீன் கார்டு, பிறகு மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாம்.

வந்தவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. பலர் வளைகுடாவில் வருடக்கணக்கில் வேலை பார்த்த, கை தேர்ந்த ஆட்கள். அங்கே எத்தனை காலம் உழைத்தாலும் குடியுரிமை கிடைக்காது, குடும்பத்தைப் பிரிந்தே இருக்க வேண்டும் என்பதை அனுபவித்தவர்கள். கிரீன் கார்டு என்ற சொல் அவர்களிடம் ஏன் எடுபட்டது என்பது புரியாத விஷயமில்லை. ஒவ்வொருவரும் 10,000 டாலரிலிருந்து 20,000 டாலருக்கு மேலும் கட்டினார்கள். அன்றைய மதிப்பில் ஐந்து லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் ரூபாய், சிலருக்கு அதற்கும் மேல். தவணை தவணையாக வாங்கினார்கள். நிலத்தை விற்றவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், வட்டிக்கு வாங்கியவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

கடைசியில் கையில் கிடைத்தது எச்-2பி விசா. பத்து மாதத் தற்காலிக வேலைக்கான விசா. அதை வைத்துக்கொண்டு வேறு முதலாளியிடம் தாவிவிட முடியாது. சிக்னல் வேலையை விட்டு நீக்கினால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். 'எனக்குத் தற்காலிகமாகத்தான் ஆள் வேண்டும்' என்று முதலாளி அரசிடம் சொல்லி வாங்கும் விசா அது. அதைக் காட்டி நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்குறுதிக்குள்ளேயே பொய் இருக்கிறது. வாக்குறுதி கொடுத்தவர்களில் ஒருவர் குடியேற்றச் சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். அவருக்கு இது தெரியாது என்று நம்புவது கஷ்டம்.

முகாம்

2006 கடைசியிலிருந்து 2007 வரை சுமார் 500 இந்தியர்கள் வந்து இறங்கினார்கள். தளத்துக்குள்ளேயே அவர்களுக்கு முகாம் தயாராக இருந்தது. சுற்றிலும் வேலி, வாசலில் காவலாளி. இரண்டு வண்டிகளைச் சேர்த்து வைத்த ட்ரெய்லர் வீட்டின் அளவுள்ள ஓர் அறையில் 24 பேர் வரை. அடுக்குக் கட்டில்கள். இருபத்துநாலு பேருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கழிப்பறைகள். இரவு ஷிப்ட் முடித்து வருபவன் படுக்கும்போது பகல் ஷிப்ட் ஆள் எழுந்து கட்டிலை விட்டு இறங்குவான். உடைமைகளைச் சோதனை போடுவார்கள், யார் வெளியே போகிறார்கள், யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். சாப்பாடு பற்றி ஓயாத புகார்.

இதற்குத்தான் மாதம் 1,050 டாலர். கேட்டு வாங்கவில்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 'சரி, நான் வெளியே அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொல்லலாம் அல்லவா? தாராளமாகப் போகலாம். ஆனால் 1,050 டாலர் பிடித்தம் நிற்காது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் ஒருவன் வாடகையை இரண்டு இடத்தில் எப்படிக் கொடுப்பான்?

நிறுவனத்தின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புயலுக்குப் பிறகு அந்தக் கடற்கரையில் வாடகைக்கு வீடு கிடைப்பது உண்மையிலேயே கஷ்டம். நூற்றுக்கணக்கில் ஆட்களை வரவழைக்கும் ஒரு முதலாளி அவர்கள் தங்க இடம் ஏற்பாடு செய்வது தப்பில்லை, நல்லதுதான். ஆனால் அதே தளத்தில் அதே வேலை செய்த, இந்தியர் அல்லாத தொழிலாளர்கள் யாரையும் இந்த முகாமில் தங்கு என்று கட்டாயப்படுத்தவில்லை. அவர்களுக்குக் காவல் இல்லை, பை சோதனை இல்லை, பிடித்தமும் இல்லை.

என் பார்வையில் முழு வழக்கும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது. மோசமான தங்குமிடம் என்பது மட்டும் தொழிலாளர் நலப் பிரச்சினை. அபராதம் கட்டச் சொல்வார்கள், இரண்டு கழிப்பறை கூடுதலாக வைக்கச் சொல்வார்கள், முடிந்துவிடும். ஒரே தளத்தில் இரண்டு விதி, அதில் எந்த விதி யாருக்கு என்பதை ஆளின் பிறப்பு தீர்மானிக்கிறது என்று காட்டிவிட்டால் அது வேறு சட்டம், வேறு எடை. யாரும் யாரையும் திட்டினார்களா என்ற கேள்வியே தேவையில்லாமல் போகிறது. முகாமில் அவமானப்படுத்தும் பேச்சும் இருந்தது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆனால் பேச்சை 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுத்துவிடலாம். சம்பளச் சீட்டை மறுக்க முடியாது.

2007 மார்ச் 9

பொறுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். பத்து லட்சம் கடனோடு போனவன் முதல் மாதமே கொடி பிடிப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் சிலர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். முகாமுக்கு வெளியே, பாஸ்ககூலாவில் ஒரு தேவாலயத்தில் கூடினார்கள். அவர்களுக்குத் துணையாக வந்தவர் சாகேத் சோனி. டெல்லிக்காரர், நியூ ஆர்லியன்ஸில் இன நீதிக்கான தொழிலாளர் மையம் என்ற அமைப்பைச் சேர்ந்தவர். அந்த மையமே கத்ரீனாவுக்குப் பிறகு, வேலையிழந்த கறுப்பினத் தொழிலாளர்களையும் புயல் குப்பையை அள்ள வந்த குடியேறிகளையும் சேர்த்துப் பிறந்தது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியத் தொழிலாளர்களுக்கு அங்கே முதலில் கை கொடுத்தவர்கள் தூதரகமோ வசதியான இந்தியச் சங்கங்களோ அல்ல.

கூட்டம் நடக்கும் செய்தி நிறுவனத்துக்குப் போய்விட்டது. முன்னணியில் இருந்த சிலரை வேலையை விட்டு நீக்கி, உடனே இந்தியாவுக்கு அனுப்பிவிட முடிவு செய்தார்கள். மார்ச் 9 விடியுமுன் காவலாளிகள் முகாமுக்குள் வந்தார்கள். பட்டியலில் இருந்தவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, டிவி பார்க்கும் அறையில் அடைத்து வைத்தார்கள். அதில் ஒருவர் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். கடனும் கையுமாக ஊருக்குத் திரும்பி என்ன முகத்தோடு நிற்பது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் உயிர் பிழைத்தார்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. முகாம் வாசலில் மற்ற தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள், வெளியே உள்ளூர் தேவாலயத்து ஆட்களும் ஆதரவாளர்களும் வந்து நின்றார்கள், போலீஸ் வந்தது. அன்று விமானம் ஏற்றும் திட்டம் நடக்கவில்லை.

இந்தத் திட்டத்தை நிறுவனம் தானாகவே போட்டதா? பின்னால் வழக்கு விசாரணையில் நிறுவனத்தின் அதிகாரிகளே சத்தியப்பிரமாணம் செய்து சொன்னது இன்னும் மோசமானது. குடியேற்ற அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரைக் கலந்து ஆலோசித்தார்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள், வேலைக்குப் போகும் வரிசையிலேயே பிடித்து, சாமானை எடுத்துக்கொடுத்து, வேனில் ஏற்றி, நேராக விமான நிலையம் கொண்டுபோங்கள் என்ற ரீதியில் அந்த அதிகாரி வழி சொல்லிக்கொடுத்ததாக அவர்கள் சாட்சியம் இருந்தது. உரிமை கேட்ட தொழிலாளியை ஊரைவிட்டு அனுப்ப அரசு அதிகாரியே யோசனை தருகிறார் என்ற இந்தத் தகவல் 2010-இல் பத்திரிகைகளில் வந்தபோது அங்கே பெரிய சர்ச்சையானது.

தொப்பியைக் கழற்றிய நாள்

அப்புறம் ஒரு வருஷம் வெளியில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. உள்ளே ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். முதல் தடவை நாலைந்து பேரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. அடுத்த தடவை அப்படி நடக்கக்கூடாது என்றால் எண்ணிக்கை வேண்டும். மலையாளி, தமிழன், தெலுங்கன், பஞ்சாபி, உத்தரப்பிரதேசத்துக்காரர் என்று பல மொழி பேசும் ஒரு கூட்டத்தை, முதலாளியின் காவலுக்குள் இருந்துகொண்டு, காதும் காதும் வைத்தாற்போல் ஒன்று சேர்ப்பது சின்ன வேலை இல்லை. இந்தக் கதையில் நான் அதிகம் மதிப்பது இந்தச் சத்தமில்லாத வருஷத்தைத்தான். அதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.

2008 மார்ச் முதல் வாரம், பாஸ்ககூலாவில் சுமார் நூறு பேர் ஒன்றாக வேலையை விட்டு வெளியே வந்தார்கள். தளத்தின் வாசலில் பாதுகாப்புத் தொப்பிகளைக் கழற்றி வீசினார்கள். எங்களை ஆள் கடத்தல் முறையில் கொண்டுவந்து அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க நீதித்துறையிடம் புகார் கொடுத்தார்கள். மார்ச் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் வழக்குப் பதிவானது.

வெளியே வந்த அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் விசா செல்லாது. சட்டப்படி அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பிடிபடலாம். இது வெறும் பயம் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சிக்னல் தொழிலாளர்களைக் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்தார்கள். வழக்குப் போட்ட ஆட்கள், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே.

வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒரு குழு நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டன் வரை பயணம் போனது. நடந்தும் வண்டியிலுமாக, வழியில் சிவில் உரிமைப் போராட்டம் நடந்த தென்மாநில ஊர்களில் தங்கித் தங்கிப் போனார்கள். அதைச் சத்தியாக்கிரகம் என்றே அழைத்தார்கள். வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்துக்குப் போனார்கள். எதிர்பார்த்த அளவுக்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. தூதரகத்துக்கு எதிரிலேயே காந்தி சிலை ஒன்று நிற்கிறது என்பதை நான் சும்மா குறிப்பிடுகிறேன்.

மே 14 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சிலர் மயங்கி விழ, ஆஸ்பத்திரிக்குப் போக, வேறு சிலர் அந்த இடத்தில் உட்கார, 29 நாள் நீடித்து ஜூன் 11 அன்று முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் ஆதரவு தெரிவித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. உடனடிப் பலன் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று நடந்தது. இவர்கள் சட்டத்தை மீறித் தங்கியிருப்பவர்கள் என்று மட்டும் சொல்லி மூடிவிட முடியாத அளவுக்கு விஷயம் வெளியே வந்துவிட்டது.

நீதிமன்றத்தில்

தெற்கு வறுமைச் சட்ட மையம், அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கம், ஆசிய அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு அமைப்பு ஆகியவை வழக்கை எடுத்தன. க்ரோவெல் அண்ட் மோரிங் என்ற பெரிய சட்ட நிறுவனம் கட்டணம் வாங்காமல் சேர்ந்தது. இவர்கள் கையில் எடுத்த சட்டங்களைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் வழக்கின் புத்திசாலித்தனம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று, 2000-ஆம் ஆண்டின் ஆள் கடத்தல் தடுப்புச் சட்டம். சங்கிலியால் கட்டி வைத்தால்தான் கட்டாய உழைப்பு என்றில்லை, சட்ட நடவடிக்கையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதும் அதில் வரும். 'வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவோம்' என்பது, ஊரில் பத்து லட்சம் கடன் இருப்பவனுக்குச் சங்கிலிதான். பாதிக்கப்பட்டவரே உரிமையியல் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கும் வழி 2003-இல் அதில் சேர்க்கப்பட்டது.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. 1866-இல் அடிமை முறை ஒழிந்த கையோடு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக இயற்றப்பட்ட சிவில் உரிமைச் சட்டம். வெள்ளையர்களுக்கு உள்ள அதே ஒப்பந்த உரிமை எல்லாருக்கும் உண்டு என்கிறது அது. வேலை என்பதும் ஓர் ஒப்பந்தம். ஒரே வேலைக்கு ஒருவருக்கு ஒரு நிபந்தனை, இன்னொருவருக்கு வேறு நிபந்தனை என்றால் இந்தச் சட்டம் கேள்வி கேட்கும். 'இது நாட்டைப் பற்றிய வேறுபாடு, இனத்தைப் பற்றியது அல்ல' என்று முதலாளிகள் வாதாடுவது வழக்கம். ஆனால் வம்சாவளியையும் இனப் பண்புகளையும் வைத்துக் காட்டும் பாகுபாடும் இச்சட்டத்தின் கீழ் இனப் பாகுபாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. 1964-ஆம் ஆண்டின் பிரபலமான சிவில் உரிமைச் சட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 1866 சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. நூற்றைம்பது வருஷப் பழைய சட்டத்தை வழக்கறிஞர்கள் ஏன் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

இடையில் நடந்த இரண்டு தீர்மானங்கள் முக்கியம். முதலாவது தொழிலாளர்களுக்குச் சாதகம். இப்போது உங்கள் விசா நிலை என்ன, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றெல்லாம் நிறுவனத்தின் வக்கீல்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொன்னால் நாடுகடத்தல், சொல்லாவிட்டால் வழக்கு போச்சு. அந்த மாதிரிக் கேள்விகளுக்கு 2009-இல் நீதிமன்றம் தடை போட்டது. குடியேறித் தொழிலாளி ஒருவன் முதலாளி மேல் வழக்குப் போட முடியுமா முடியாதா என்பது நடைமுறையில் இந்த மாதிரி உத்தரவுகளில்தான் இருக்கிறது.

இரண்டாவது பெரிய அடி. சுமார் 500 பேருக்கும் சேர்த்து ஒரே குழு வழக்காக நடத்த வேண்டும் என்று கேட்டதை 2012 ஜனவரியில் நீதிமன்றம் மறுத்தது. அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்கு நடத்த வேண்டும். நிறுவனம் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும். பேச்சு வழக்கில் சொன்னால், இழுத்தடித்தால் ஆட்கள் தானாகக் கழன்றுகொள்வார்கள் என்பதுதான் இந்த மாதிரிக் கட்டத்தில் முதலாளிகளின் கணக்கு. ஆனால் வறுமைச் சட்ட மையம் வேறு பல சட்ட நிறுவனங்களைப் பேசிச் சேர்த்தது. தொழிலாளர்களைப் பிரித்து, மேலும் பதினோரு வழக்குகள் போட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் சேர்ந்தார்கள்.

முதலில் விசாரணைக்கு வந்தது ஐந்து பேரின் வழக்கு. நீதிபதி சூசி மார்கன் முன்னிலையில், 2015 ஜனவரியில் தொடங்கி சுமார் நாலு வாரம் நடந்தது. நிறுவனத்தின் முக்கிய வாதம்: பொய் வாக்குறுதி கொடுத்தது ஏஜென்டுகள், பணம் வாங்கியதும் அவர்கள், நாங்களும் ஏமாந்தவர்கள்தான். கேட்கும்போது நியாயம் போலத் தெரியும். ஆனால் விஷயம் தெரிய வந்த பிறகும் அதே கடனில் மாட்டிய அதே ஆட்களை அதே முகாமில் வைத்து வேலை வாங்கியவர் யார்? நிறுவனத்தின் சொந்த ஆவணங்களும் மின்னஞ்சல்களும் ஜூரியின் முன் வைக்கப்பட்டன. குறைந்த கூலிக்கு இந்தியர்களை அமர்த்தியதில் நிறுவனம் 80 லட்சம் டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது என்று கணக்கைப் பார்த்த பொருளியல் வல்லுநர் ஒருவர் மதிப்பிட்டார்.

பிப்ரவரி 18 அன்று ஜூரி முடிவு சொன்னது. கட்டாய உழைப்புக்கான ஆள் கடத்தல், மோசடி, திட்டமிட்ட கூட்டுக் குற்றம், இனப் பாகுபாடு. ஐந்து பேருக்கும் சேர்த்து மொத்தம் 1.41 கோடி டாலர். இதில் பெரும்பகுதி, சுமார் 1.22 கோடி, சிக்னல் கட்ட வேண்டியது. பர்னெட்டும் திவானும் தலைக்கு 9,15,000 டாலர். ஆள் கடத்தல் வழக்கில் அமெரிக்க ஜூரி ஒன்று அதுவரை கொடுத்த மிகப் பெரிய தொகைகளில் அது ஒன்று.

பணம் வந்ததா?

ஜூலை 12 அன்று சிக்னல் திவால் மனு போட்டது. மற்ற வழக்குகளில் இதே மாதிரித் தீர்ப்புகள் வந்தால் தாங்க முடியாது என்பது வெளிப்படை. அதே நேரத்தில், இந்த வழக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்ய ஒப்புக்கொண்டது. திவால் நீதிமன்றத்தின் அனுமதியைப் பொறுத்த ஒப்பந்தம் அது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்பும் கேட்டார். ஜூரி ஐந்து பேருக்கே 1.41 கோடி கொடுத்தது என்பதையும், சமரசத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சேர்த்து 2 கோடி என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். ஆனால் முதலாளி திவாலான பிறகு தீர்ப்புத் தாளை வைத்து என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. அந்த நிலைமையில் சமரசம் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு இணையாக இன்னொரு வழக்கும் ஓடியது. வேலைவாய்ப்புப் பாகுபாட்டைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் சமவாய்ப்பு ஆணையம் 2011-இல் சிக்னல் மேல் தனியாக வழக்குப் போட்டிருந்தது. கட்டாய முகாம், கட்டாயப் பிடித்தம், எதிர்த்தவர்களைப் பழிவாங்கியது ஆகியவைதான் அதன் சாரம். 2015 டிசம்பரில் அது 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. பயன் பெறுபவர்கள் 476 பேர். முதல் வழக்கில் சேராதவர்களுக்கும் இதில் இடம் இருந்தது என்பதால் இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இவை அனைத்தும் உரிமையியல் வழக்குகள். பணத்தில் முடிபவை.

தொழிலாளர்களில் பலருக்கு, ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கென உள்ள டி விசா கிடைத்தது. அதை வைத்துக் குடும்பத்தை வரவழைக்கலாம், சில வருஷம் கழித்து கிரீன் கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஏஜென்டிடம் பணம் கட்டி வாங்க முடியாததை, அந்த ஏஜென்டின் மேல் புகார் கொடுத்து வாங்கினார்கள்.

சில கேள்விகள்

இந்த வழக்கைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், 'ஏமாற்றியதில் ஒருத்தன் இந்தியன்தானே, அப்புறம் இதில் இனவெறி எங்கிருந்து வந்தது' என்று கேட்பதுண்டு. ஆள் பிடித்துக் கொடுப்பவன் ஊர்க்காரனாக இருப்பது புதிதா என்ன? இலங்கை, மலேயா தோட்டங்களுக்குக் கூட்டிப்போன கங்காணி யார்? கூட்டிப்போனவனின் ஊர் எதுவாக இருந்தாலும், தளத்துக்குள் யாருக்கு வேலி, யாருக்கு வேலி இல்லை என்று முடிவு செய்தது நிறுவனம். ஜூரியும் ஒருவர் மேல் பழியைப் போட்டு மற்றவரை விட்டுவிடவில்லை. சிக்னல், பர்னெட், திவான் மூவரையும் பிடித்தது.

இன்னொரு கேள்வி, வளைகுடாவில் இதைவிட மோசமாக நடக்கிறதே என்பது. நடக்கிறது. அங்கே கேட்க முடியாததால் இங்கே கேட்கக்கூடாது என்று ஆகாது. சொல்லப்போனால் சிக்னல் தொழிலாளர்களில் பலர் ஒப்பிட்டது அதைத்தான். வளைகுடாவில் பார்த்த அதே முகாமை அமெரிக்காவிலும் பார்த்தபோதுதான் அவர்களுக்கு உறைத்தது.

ஆதாரம் எப்படிச் சேர்ந்தது என்பது நம் ஊர் ஆட்களுக்கு உதவும். ஏஜென்ட் கொடுத்த ரசீது, பத்திரிகை விளம்பரத்தின் துண்டு, ஒப்பந்தத்தின் நகல், ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டு. இதெல்லாம் முக்கியம் என்று வெளிநாடு போகிற அன்று யாருக்கும் தோன்றாது. பாஸ்போர்ட்டோடு இவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைப்பது இன்றைக்கு ஒரு நிமிட வேலை. அதைவிட முக்கியம், பக்கத்தில் வேலை செய்யும் வேறு நாட்டுக்காரருக்கு என்ன சம்பளம், எங்கே தங்குகிறார், அவருக்கு என்னென்ன பிடிக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. நம்மவர்கள் சம்பளத்தை வெளியே சொல்லத் தயங்குவார்கள். பாகுபாட்டை நிரூபிக்க அந்த ஒப்பீடு இல்லாமல் முடியாது.

விதிகளும் பிறகு கொஞ்சம் மாறின. எச்-2பி வேலைக்கு நிபந்தனையாகத் தொழிலாளியிடம் ஏஜென்டோ முதலாளியோ கட்டணம் வாங்கக்கூடாது என்று 2009 ஜனவரியில் தெளிவாக விதி வந்தது. சிக்னல் ஆட்கள் பணம் கட்டி மூன்று வருஷம் கழித்து. 2025 ஜனவரியில் வந்த விதியின்படி, புதிய முதலாளி ஒருவர் மனு போட்டவுடனேயே, முடிவுக்குக் காத்திருக்காமல் தொழிலாளி அவரிடம் வேலைக்குச் சேரலாம். ஆனால் அந்த மனுவைப் போட வேண்டியது இப்போதும் முதலாளிதான், தொழிலாளி அல்ல.